பயண நேரத்தைப் பிழையாகக் குறித்துத் தந்தமை தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த ஜனவரியில் என் அம்மாவை லண்டனிலுள்ள அக்காவிடம் அனுப்ப, உங்கள் திருகோணமலைக் கிளையில் பயணச்சீட்டு எடுத்தேன். சீட்டோடு தந்த பயண விபரத் தாளில் 'மொத்தப் பயண நேரம் 10 மணி 30 நிமிடம்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அது பிழை. அம்மாவுக்குச் சென்ற நேரம் 16 மணித்தியாலம்.

கட்டுநாயக்காவிலிருந்து காலை 10.00க்குப் புறப்பாடு, லண்டனில் இரவு 8.30க்கு இறக்கம். உங்கள் ஆட்கள் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டார்கள். முதலாவது இலங்கை நேரம், இரண்டாவது லண்டன் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. தோஹா வரை 5 மணித்தியாலம், அங்கே காத்திருப்பு 4, பிறகு 7. கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். திரும்பி வரும் பயணத்துக்கு அதே தாள் 20 மணித்தியாலம் காட்டுகிறது. உண்மையில் அது பதினாலரைதான். மேல்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் வரும்போது பறக்கும் நேரம் கொஞ்சம் குறையும், அது இயல்பு. போக ஒரு கணக்கு, வர கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பு என்று இருந்தும் உங்கள் கிளையில் ஒருவர் கண்ணிலும் படவில்லையா?

கொழும்பிலிருந்து லண்டன் கிட்டத்தட்ட 8,700 கிலோமீற்றர். நேரடி விமானமே 11 மணித்தியாலம் அளவில் எடுக்கும். இடையில் இறங்கி ஏறுகிற பயணம் அதைவிடக் குறைவாக முடியுமா?

அம்மா நீரிழிவு நோயாளி, காலையும் இரவும் இன்சுலின் போடுபவர். உங்கள் தாளைப் பார்த்துத்தான் கிளினிக்கில், "ராத்திரி ஊசியை மகள் வீட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கோ அம்மா" என்றார்கள். முதல் நாள் இரவே வேன் பிடித்து, கந்தளாய், ஹபரண, தம்புள்ளை, குருநாகல் என்று தூக்கமில்லாமல் வந்தவர். தோஹாவில் இரண்டாவது விமானம் ஏறும்போதே இலங்கையில் இரவு 7 மணி. லண்டனில் இறங்கும்போது இங்கே அதிகாலை 2 மணி. ஊசி அவ்வளவு நேரம் தள்ளிப்போய், சக்கர நாற்காலியில் வெளியே வந்த அம்மாவுக்கு அக்காவோடு ஒரு வார்த்தை பேசத் தெம்பிருக்கவில்லை. சீனியின் அளவு எகிறியிருந்தது.

கிளைக்குத் தொலைபேசி எடுத்தபோது, "கம்பியூட்டர் காட்டினதைத்தானே தந்தோம்" என்றார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, தனியே விமானம் ஏறும் வயதானவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் உங்கள் தாளை நம்பித்தான் திட்டமிடுகிறார்கள்.

பறக்கும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியே, எந்த ஊர் நேரம் என்ற குறிப்போடு, தமிழிலும் அச்சிட்டுத் தாருங்கள். என்னிடம் அறவிட்ட சேவைக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். அம்மா திரும்பி வர முன்னர் திருத்திய தாளும் எழுத்துமூலப் பதிலும் எனக்குக் கிடைக்க வேண்டும். பழைய தாளின் பிரதியை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பயணியின் மகன்,
திருகோணமலை.