கருவி வாங்கும் முன் கோப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காகிதப் புத்தகத்தை விட்டு மின்நூல் கருவிக்கு மாறலாமா என்று வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களில் விலை, கண்வலி, காகித வாசனை எல்லாம் பேசப்பட்டுவிட்டன. தமிழ் வாசகர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் படிக்க விரும்பும் புத்தகம் எந்த வகைக் கோப்பாகக் கிடைக்கிறது? நல்ல கருவி வாங்கிய பலர் மூன்று மாதத்தில் அதை பீரோவில் வைத்துவிடுவதற்குக் காரணம் கருவி இல்லை, கோப்புதான்.

தமிழ் மின்நூல்கள் மூன்று தினுசாக வருகின்றன. முதல் தினுசு, யூனிகோட் என்ற பொது எழுத்துமுறையில் அமைந்த ஈபப் என்னும் மின்நூல் கோப்பு, அல்லது அமேசானின் கிண்டில் கடையில் விற்கும் நூல். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி, திரைக்கு ஏற்றபடி அமைந்துகொள்ளும். இரண்டாவது, பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து எடுத்த பிடிஎஃப். மூன்றாவது, அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய தமிழ் நூல்களில் பெரும்பகுதி இந்த மூன்றாவது தினுசுதான்.

பிடிஎஃப் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். போனில் கோப்பைத் திறந்து, ஒரு வரியை அழுத்திப் பிடித்து காப்பி செய்து, வாட்ஸ்ஆப்பில் ஒட்டிப் பாருங்கள். வரியைத் தேர்வு செய்யவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டினால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. தமிழாகவே வந்தாலும் ‘கொடி’ என்ற சொல்லில் கொம்பு முன்னால் தனியே நின்று, ககரமும் காலும் பின்னால் வந்தால், பார்வைக்குச் சரியாக இருந்து உள்ளே வரிசை குலைந்த பிடிஎஃப் அது. இவற்றில் எதை ஈபப்பாக மாற்ற முயன்றாலும் குப்பைதான் வரும். பழைய எழுத்துருவாக இருந்தால் மட்டும், எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகு மாற்றலாம். அதிலும் கிரந்த எழுத்துகளையும் மேற்கோள் குறிகளையும் ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும்.

ஸ்கேன் பிடிஎஃப் ஆறு அங்குலத் திரையில் ஏன் படிக்க முடிவதில்லை என்பது எளிய கணக்கு. டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். ஆறு அங்குலத் திரை (மூலைக்கு மூலை அளவு அது) சுமார் 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் எழுத்து பழைய அளவில் பாதியை விடச் சற்றுப் பெரியதாகச் சுருங்கிவிடும். 11 பாயிண்ட் அளவில் அச்சானது 6 பாயிண்ட் ஆகிறது. தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்தது இகர, ஈகார வேறுபாடு. கியும் கீயும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்த பிறகு யாரால் நாற்பது பக்கம் படிக்க முடியும்?

இதற்குப் பாதி வைத்தியம் உண்டு. பக்கத்தின் வெள்ளை ஓரங்களை வெட்டிவிட்டு, கருவியைக் குறுக்கே திருப்பிப் படிக்க வேண்டும். ஓரம் போனபின் டெமி பக்கத்தின் எழுத்துப் பகுதி பத்தரை செ.மீ. அகலம்தான். குறுக்கே திருப்பிய திரை 12 செ.மீ. ஆகவே எழுத்து அச்சில் இருந்ததைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தட்டலில் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஓரம் வெட்ட கணினியில் பிரிஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இரட்டைப்படைப் பக்கங்களையும் ஒற்றைப்படைப் பக்கங்களையும் அது தனித்தனியே அடுக்கிக் காட்டும். இரண்டுக்கும் கட்டத்தைத் தனியாகப் போடுங்கள். பைண்டிங் பக்கத்து ஓரம் இரண்டிலும் மாறி வருவதால், ஒரே கட்டம் போட்டால் வரிக் கடைசி எழுத்துகள் வெட்டுப்படும். வாங்கப்போவதில் முக்கால் பங்கும் ஸ்கேன் நூல்கள்தான் என்றால் ஆறு அங்குலத்தை மறந்துவிட்டு பத்து அங்குலக் கருவியைப் பாருங்கள். விலை பெரும்பாலும் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் காகிதமே மேல்.

எந்தப் புத்தகம் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கும் என்பதில் குழப்பம் வேண்டாம். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அதற்கு முன்பே தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் இருக்கின்றன. 1942இல் மறைந்த உ.வே.சா., 1954இல் மறைந்த கல்கி ஆகியோரின் எழுத்து எல்லோருக்கும் பொது. நம் டெல்டாவின் வாழ்க்கையை எழுதிய தி. ஜானகிராமன் மறைந்தது 1982. அவர் நூல்களுக்கு 2042 முடியும் வரை உரிமை இருக்கிறது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். டெலிகிராமில் சுற்றும் திருட்டு பிடிஎஃப்களை ‘வாசிப்பை வளர்க்கிறோம்’ என்று சொல்லிப் பகிர்பவர்கள், ஐந்நூறு பிரதி அச்சிட்டு விற்கத் தவிக்கும் தமிழ்ப் பதிப்பாளர் வயிற்றில் அடிக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

பழந்தமிழ் நூல்களுக்கு, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச இணைய நூல் தொகுப்பு நல்ல இடம். அங்கே பிடிஎஃப்பும் இருக்கும், யூனிகோட் வலைப்பக்கமும் இருக்கும். பிடிஎஃப்பை விட்டுவிட்டு வலைப்பக்கத்தைச் சேமியுங்கள். காலிபர் என்ற இலவச மென்பொருளில் அதைச் சேர்த்து ஈபப்பாக மாற்றினால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் நூலாகிவிடும். ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளத்தில் ஈபப்பாகவே தருகிறார்கள். கிண்டில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈபப்பை வயர் வழியாக நேரே ஏற்றினால் அது பட்டியலிலேயே தெரியாது. அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியாக அனுப்ப வேண்டும், அல்லது காலிபரில் கிண்டிலுக்கே உரிய ஏஇசட்டபிள்யூ3 கோப்பாக மாற்றிவிட்டு வயரில் ஏற்ற வேண்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கிண்டில் கடையில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்கள் விற்கிறார்கள். வேறு நிறுவனக் கருவி வாங்குபவர்கள், முக்கியமாக வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பும் கருவிகளில், தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ, நூ, ணை என்ற எழுத்துகள் வரும் ஒரு பக்கத்தை ஏற்றிப் பாருங்கள். கொம்பு இடம் மாறி, பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் தெரிந்தால் அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துருதான் இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கருவியின் எழுத்துருக் கோப்புறையில் போட்டால் சரியாகிவிடும்.

தமிழ்ச் சொற்கள் நீளம். ஆறு அங்குலத் திரையில், வயதானவர்களுக்கு வசதியான அளவு வைத்தால் வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் அடங்கும். இரு ஓரமும் சமமாக நிறுத்தும் அமைப்பு இருந்தால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள். செய்யுள் நூல்கள் வேறு கதை. அடி உடைந்து அடுத்த வரியில் விழுந்தால் சீர் எங்கே முடிகிறது என்று தெரியாது. வெண்பாவின் தனிச்சொல் எங்கேயோ போய் நிற்கும். மூலத்துக்கும் உரைக்கும் அடிக்குறிப்புக்கும் மாறி மாறிப் புரட்ட வேண்டிய நூலைக் காகிதத்தில் படிப்பதே நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாவல், கட்டுரை, பயண நூல் என்று ஒரே ஓட்டமாகப் படிப்பவை கருவிக்குப் பொருந்தும்.

பணக் கணக்கு இப்படி வரும். கருவி 15,000 ரூபாய் என்று வையுங்கள். 350 ரூபாய் அச்சு நூலின் மின்பதிப்பு 200 ரூபாய்க்குக் கிடைத்தால் நூலுக்கு 150 ரூபாய் மிச்சம். நூறு நூல்கள் வாங்கிப் படித்த பிறகுதான் கருவியின் விலை திரும்பும். மாதம் ஒரு நூல் படிப்பவருக்கு எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரி தளர்ந்துவிடும். ஆகவே மிச்சம் பிடிக்க வாங்காதீர்கள். கண்புரை அறுவைக்குப் பிறகு சிறிய எழுத்து தெரியாமல் படிப்பையே விட்டவர்களுக்காக வாங்குங்கள். ஒரு கிலோ எடையுள்ள சரித்திர நாவலைத் தாங்க முடியாத மணிக்கட்டுக்காக வாங்குங்கள். கருவியின் எடை சுமார் 200 கிராம்தான்.

காவிரிப் படுகையில் கருவிக்குச் சாதகமான காரணம் ஒன்று கூடுதலாக உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் ஏறும்போது, சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியில் பூஞ்சை பூக்கிறது. பசைக்காக ராமபாணப் பூச்சி பைண்டிங்கைத் துளைக்கிறது. தரை வழியாகக் கரையான் வருகிறது. மின்நூலுக்கு இந்தப் பயம் இல்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இந்தக் கருவிகளில் இருக்கும் மின்மைத் திரை (இ-இங்க்), பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும். வைஃபையை அணைத்து வைத்து தினம் அரை மணி படித்தால் ஒரு சார்ஜ் சில வாரங்களுக்கு வரும்.

ஆனால் கருவிக்கும் இங்கே எதிரிகள் உண்டு. நாகை, வேளாங்கண்ணி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று சார்ஜ் துளையின் உலோகத்தை அரிக்கும். மூடியுள்ள உறையில் வையுங்கள். தண்ணீர் பட்ட துளை நன்றாகக் காயாமல் சார்ஜ் போடாதீர்கள். சம்பாப் பருவத்தில் விளக்கைத் தேடி வரும் பச்சைத் தத்துப்பூச்சி, இன்ஃப்ராரெட் தொடுதிரை (கதிர் மறைபடுவதை வைத்துத் தொடுதலை உணர்வது) உள்ள பழைய கருவிகளின் திரையில் உட்கார்ந்தால் பக்கம் தானாகப் புரளக்கூடும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பென்சில் முனையால் திரையைத் தொட்டுப் பாருங்கள். பக்கம் புரண்டால் அந்த ரகம். அடிக்கடி நேரும் சேதம் திரை உடைவதுதான். திரைக்கு உள்ளே மெல்லிய கண்ணாடி இருக்கிறது. பஸ்ஸில் பைக்குள் சாப்பாட்டு டப்பாவோடு அழுந்தினால், மேலே கீறலே இல்லாமல் உள்ளே விரிந்து, பாதித் திரை கோடுகளாக உறைந்துவிடும். மாற்றும் செலவு புதுக் கருவி விலையை நெருங்கும். மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். அடியோடு வற்றிய பேட்டரி பிறகு எழாமலே போகலாம்.

கருவி வாங்கிவிட்டோம் என்று வீட்டுப் புத்தகங்களை எடைக்குப் போடுபவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் வாங்கும் மின்நூல் பெரும்பாலும் உங்கள் சொத்தாவதில்லை, படிக்கும் உரிமம் மட்டுமே. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்நூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பித் தந்தது, வாங்கிய நூல்கள் போயின. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வயர் வழியே ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. உங்கள் பரணில் இருக்கும் தலபுராணப் பதிப்பு, கும்பாபிஷேக மலர், உள்ளூர் அச்சகத்தில் அடித்த பதிகத் தொகுப்பு போன்றவை எந்த இணையத்திலும் இல்லாமல் இருக்கலாம். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். பாலிதீன் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து கைகண்ட வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வையுங்கள். பூச்சி விழுந்த புத்தகத்தை இரண்டு பாலிதீன் பைகளில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் குளிர்ந்த காகிதத்தில் காற்றின் ஈரம் படியும்.

இனி இரண்டு கோரிக்கைகள். தமிழ்ப் பதிப்பாளர்கள் அச்சுக்குப் போகும் கோப்பிலிருந்தே ஈபப்பையும் எடுத்து விற்க வேண்டும். செய்யுள் அடிகள் உடையாமலும், அடிக்குறிப்பைத் தொட்டால் போய்த் திரும்பும்படியும் அமைக்க வேண்டும். அடுத்தது நூலகத் துறைக்கு. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட நூலகங்களில் ஆறு அங்குலக் கருவி ஒன்றும் பத்து அங்குலக் கருவி ஒன்றும், வாசகர் அங்கேயே உட்கார்ந்து அரை நாள் படித்துப் பார்க்க வைக்கலாம். அவற்றில் ஒரு ஈபப் நாவல், ஒரு ஸ்கேன் பிடிஎஃப், உரையோடு கூடிய ஒரு செய்யுள் நூல் ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நூலக வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.