‘கெட்டுவிட்டது’ என்று எழுதும் முன்

பழைய ஃபிளாப்பிகளை (கணினித் தகவல் சேமிக்கும் காந்த வட்டுகளை) சேர்த்து வைத்திருக்கும் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும்,

வணக்கம். நன்கொடையாக வரும் புத்தகப் பெட்டிகளின் அடியில் ஃபிளாப்பிகளும் கிடக்கும். அவற்றை யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போட்டுப் பார்க்கிறீர்கள். ‘இது ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கிறது. உடனே பட்டியலில் ‘கெட்டுவிட்டது’ என்று ஏறி, குப்பைக்குப் போய்விடுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒருபோதும் ‘ஆம்’ கொடுக்காதீர்கள். ஃபார்மட் என்றால் வட்டைப் புதிதாகத் தயார் செய்வது, அதில் இருப்பது போய்விடும். வட்டு நன்றாகவே இருக்கலாம், அதை எழுதிய விதம் உங்கள் டிரைவுக்குப் புரியாமல் இருக்கலாம்.

மூன்றரை அங்குலம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். ஒரே டபுள் டென்சிட்டி வட்டில் ஐபிஎம் பிசி 720 கேபி எழுதியது, அமிகா கணினி 880, ஆப்பிளின் மெக்கின்டோஷ் (மெக்) 800. மெக் டிரைவ் வெளி டிராக்குகளில் (தகவல் எழுதும் வட்டக் கோடுகளில்) மெதுவாகவும் உள்ளே வர வர வேகமாகவும் வட்டைச் சுற்றும். பிசி டிரைவுக்கு நிமிடத்துக்கு 300 சுற்று என்ற ஒரே வேகம்தான். யூஎஸ்பி டிரைவில் அந்த மெக் வட்டை எத்தனை முறை செருகினாலும் படிக்காது.

ஐந்தேகால் அங்குலத்தில் நானே பட்டிருக்கிறேன். 1980களின் கடைசியில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு ஏடி (ஐபிஎம் எக்ஸ்டிக்கு அடுத்து வந்த பிசி வகை) வந்தது. பழைய எக்ஸ்டியில் எழுதிய 360 கேபி வட்டை அதில் போட்டு, உறுப்பினர் பட்டியலைத் திருத்திச் சேமித்தேன். ஏடியில் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் எக்ஸ்டியில் போட்டால் டிரைவ் கர்ர் கர்ர் என்று தேடிவிட்டு ‘ஜெனரல் ஃபெயிலியர்’ என்றது. வேறு பிரதியும் இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. 360 கேபி டிரைவ் 40 டிராக் போடும் இடத்தில் ஏடியின் 1.2 எம்பி டிரைவ் 80 போடும். அதனால் அதன் ஹெட் (படித்து எழுதும் முனை) மெல்லியது. பட்டைக் கோலத்தின் நடுவே ஒற்றை இழை இழுத்த மாதிரி, பழைய அகல டிராக்கின் நடுவில் மட்டும் புதியதை எழுதிவிட்டது. ஓரங்களில் பழையது அப்படியே இருந்தது. எக்ஸ்டியின் அகலமான ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பியது. ஏடியில் அதே வட்டு கடைசிவரை படித்தது!

இன்று இதற்கெல்லாம் வழி இருக்கிறது. கிரீஸ்வீசில், கிரையோஃப்ளக்ஸ் போன்ற சிறு பலகைகளைப் பழைய பிசி டிரைவின் 34 பின் கேபிளில் மாட்டலாம். அவை எழுதிய விதத்தைப் பார்ப்பதில்லை. வட்டில் காந்தப்புலம் எந்தெந்தக் கணத்தில் மாறுகிறது என்பதை அப்படியே பதிந்துகொள்ளும். அது மெக்கா அமிகாவா என்பதைப் பிறகு மென்பொருள் பிரித்துக் கொடுக்கும். ஐந்தேகால் அங்குல டிரைவ் ஒன்றும் மூன்றரை அங்குல டிரைவ் ஒன்றும் எங்காவது கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

அதுவரை, செருகுமுன், வட்டில் எதுவும் எழுதிவிடாதபடி எழுத்துத் தடையைப் போட்டுவிடுங்கள். ஐந்தேகாலில் ஓர வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். மூன்றரையில் நேர் எதிர், சின்ன மூடியை நகர்த்தித் துளையைத் திறக்க வேண்டும். லேபிளில் இருக்கும் கையெழுத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினியில் எழுதியது என்று சில சமயம் அதில்தான் இருக்கும். பட்டியலில் ‘கெட்டுவிட்டது’ என்பதற்குப் பதிலாக, ‘இன்ன டிரைவில் படிக்கவில்லை’ என்று எழுதுங்கள்.

அன்புடன்,
பழைய ஃபிளாப்பிகளோடு பல வருடம் பழகிய ஒருவன்