மில்லிகிராமை வைத்து மருந்தை எடைபோடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எடை குறைப்பு ஊசிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் அதில் ஓர் இடம் என்னை மிகவும் உறுத்தியது. செமாக்ளூடைடு வாரம் 2.4 மில்லிகிராம் போதும், டிர்செபடைடு 15 மில்லிகிராம் வரை போகிறது, ஆகவே முதலாவதே சக்தி வாய்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். இது தவறு.

ஒரு மருந்தின் வீரியம், குறிப்பிட்ட விளைவைத் தர அது எவ்வளவு தேவை என்பதை மட்டுமே சொல்லும். ஆய்வகத்தில், உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவை வைத்து அதை அளக்கிறார்கள். அந்த உச்சம் எவ்வளவு உயரம் என்பது வேறு கேள்வி. நோயாளிக்கு வேண்டியது அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான். இரண்டு மருந்துகளும், பசியைக் குறைக்கும் குடல் ஹார்மோனான ஜிஎல்பி-1 வந்து ஒட்டும் செல் புரதத்தை, அதாவது அதன் ஏற்பியைத் தூண்டுகின்றன. டிர்செபடைடு அந்த ஏற்பியை, உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 அளவுக்கு இறுக்கமாகப் பற்றுவதில்லை; பிடிப்பு சுமார் ஐந்து மடங்கு குறைவு. ஆனால் அது ஜிஐபி என்ற மற்றொரு குடல் ஹார்மோனின் ஏற்பியையும் சேர்த்துத் தூண்டுகிறது. 2025-இல் வெளியான நேரடி ஒப்பீட்டு ஆய்வில், 72 வாரங்களில் டிர்செபடைடு எடுத்தவர்கள் சராசரியாக 20.2 சதவீத எடை இழந்தார்கள். செமாக்ளூடைடு எடுத்தவர்களுக்கு 13.7 சதவீதம்தான்.

சரி, ஒரே மருந்தின் அளவுகளையாவது ஒப்பிடலாமா? இவற்றைப் போன்ற பெப்டைடுகளில், அதாவது சிறு புரதச் சங்கிலிகளில், அதுவும் எளிதல்ல. செமாக்ளூடைடு சர்க்கரை நோய்க்கான மாத்திரையாக வரும்போது தினமும் 14 மில்லிகிராம் வரை தருகிறார்கள். மூலக்கூறு அதேதான், ஏற்பியிடம் அதன் வீரியமும் அதேதான். வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய ஒரு சதவீதம் மட்டுமே என்பதால் இவ்வளவு தேவைப்படுகிறது. இயற்கையான ஜிஎல்பி-1 நல்ல வீரியம் உள்ளதுதான், ஆனால் உடலில் உள்ள டிபிபி-4 என்ற நொதி வெட்டிவிடுவதால் ஓரிரு நிமிடங்களில் செயலிழக்கிறது. செமாக்ளூடைடோ, தன்னோடு இணைத்த கொழுப்பு அமிலத்தால் ரத்தப் புரதமான ஆல்புமினைப் பற்றிக்கொள்வதால், அதன் அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஒரு வாரம் வரை நீள்கிறது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. குப்பியிலிருந்து தாங்களே மருந்தை எடுத்துப் போட்டுக்கொண்டவர்கள், மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் ஆகியவற்றைக் குழப்பி, உரிய அளவைவிட 5 முதல் 20 மடங்கு செமாக்ளூடைடு போட்டுக்கொண்டதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024-இல் எச்சரித்தது.

திருத்தம் வெளியிடும்போது இதையும் சேருங்கள்: வழக்கமான இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் கோடு என்பது 0.1 மில்லிலிட்டர். குப்பியில் மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் இருந்தால் அது 0.25 மில்லிகிராம், 5 மில்லிகிராம் இருந்தால் 0.5 மில்லிகிராம்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியை ஒருவர்