பைத்தானுக்கு 'மதிப்பு', 'குறிப்பு' என்ற இரண்டு பெயரும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் படிக்கிறார்கள். செயற்கூற்றுக்குள் (ஃபங்ஷன்) செயலுருபு, அதாவது நாம் கொடுத்தனுப்பும் ஆர்கியுமென்ட், எப்படிப் போகிறது என்பதில் இரண்டு மொழிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதை யாரும் நின்று விளக்குவதில்லை.

சி++-இல் 'இன்ட் எக்ஸ்' என்று எழுதினால் மதிப்பின் நகல்தான் உள்ளே போகும். 'இன்ட் &எக்ஸ்' என்றால் வெளியே இருக்கும் அதே மாறி. மதிப்பு மூலம் அழைத்தல், குறிப்பு மூலம் அழைத்தல் என்று இதைப் படித்துவிட்டு வரும் பிள்ளை, 'பைத்தானில் இதில் எது?' என்று கேட்கத்தான் செய்யும். ஒற்றைச் சொல்லில் எந்த விடை சொன்னாலும் அது பாதிதான் சரி.

வரிசை = [10, 20] என்று வைத்துக்கொள்வோம். அதைப் பெறும் செயற்கூற்றுக்குள் முதல் வரி வரிசை.அப்பென்ட்(30), அதாவது கடைசியில் 30-ஐச் சேர்ப்பது; அடுத்த வரி வரிசை = [99]. வெளியே வந்து அச்சிட்டால் [10, 20, 30] என்று வரும். 30 ஒட்டிக்கொண்டது, 99 வரவில்லை. காரணம், பைத்தானில் மாறி என்பது பொருளுக்கு (ஆப்ஜெக்ட்) இட்ட பெயர் மட்டுமே. அழைக்கும்போது அதே பொருளுக்கு உள்ளே இன்னொரு பெயர் கிடைக்கிறது. அப்பென்ட் பொருளையே மாற்றுகிறது; '=' உள்ளே இருக்கும் பெயரை மட்டும் வேறு பொருளுக்கு மாற்றுகிறது. எண்ணையும் சரத்தையும் (எழுத்துத் தொடர்) இருந்த இடத்தில் மாற்ற வழியில்லை. அதனால்தான் அவை நகலாகப் போவதுபோல் தெரிகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் 1970-களில் உருவாக்கிய 'சி.எல்.யு.' மொழியில் இந்த முறைக்குப் 'பகிர்ந்து அழைத்தல்' என்றே பெயர். ஜாவாவிலும் பொருள்களின் நடத்தை இதுதான். அங்கே போவது மதிப்பு. ஆனால் அந்த மதிப்பே ஒரு குறிப்பு. இரண்டு பொருள்களை இடம் மாற்றும் 'ஸ்வாப்' முறையை ஜாவாவில் எழுதி, உள்ளே பெயர்களை மாற்றினால் வெளியே ஒன்றும் மாறாமல் இருப்பது இதனால்தான்.

இதைவிடத் தொல்லை தருவது தானமைவுச் செயலுருபு (டிஃபால்ட்), அதாவது அழைப்பவர் எதுவும் கொடுக்காதபோது தானாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பு. 'டெஃப் சேர்(பெயர், பட்டியல்=[])' என்று செயற்கூற்றை வரையறுத்து, உள்ளே பெயரைப் பட்டியலில் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். சேர்("கயல்") சரியாக ["கயல்"] தரும். அடுத்து சேர்("முகில்") என்று அழைத்தால் ["கயல்", "முகில்"] வரும்! அந்த வெற்றுப் பட்டியல் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. டெஃப் வரி இயங்கும்போது ஒரே முறை உருவாகி, செயற்கூற்றோடேயே தங்கிவிடுகிறது. தானமைவாக எண்ணையும் சரத்தையும் மட்டும் காட்டிப் பாடம் நடத்தினால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

தானமைவை 'நன்' (None, 'எதுவும் இல்லை') என்று வைத்து, உள்ளே முதல் வரியில் 'இஃப் பட்டியல் இஸ் நன்' எனச் சோதித்துப் புதுப் பட்டியல் உருவாக்க வேண்டும். சுருக்கமாக 'இஃப் நாட் பட்டியல்' என்று எழுதக் கூடாது. அழைத்தவர் தம் வெற்றுப் பட்டியலையே கொடுத்திருந்தால் அதுவும் ஒதுக்கப்பட்டு, பெயர்கள் வேறொரு பட்டியலில் போய்ச் சேரும்.

வினா எழுதுவோர் 'மதிப்பா, குறிப்பா' என்று கேட்பதை விட்டு, மேலே சொன்ன அப்பென்ட், '=' எடுத்துக்காட்டைக் கொடுத்து வெளியீடு என்ன என்று கேட்கட்டும். செய்முறை வகுப்பில், பொருளின் அடையாள எண்ணைத் தரும் 'ஐடி(வரிசை)' என்பதை வெளியே ஒரு முறையும், உள்ளே '=' வரிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறையும் அச்சிடச் சொல்லுங்கள். முதல் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும். மூன்றாவது வேறாக இருக்கும்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்,
திருநெல்வேலி