அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிடாதே

டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? போன வாரம் நீ கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அறுந்துபோன பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் பார்த்தால் உங்களுக்கு நடுராத்திரி. மூன்றரை மணி நேர வித்தியாசம் எப்போதும் இப்படித்தான் காலை வாருகிறது.

பிலிம் எங்கள் வீட்டுக்கார ஆன்ட்டியுடையது. நாங்கள் இருக்கும் இந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் வாசல் பலகையைப் படித்தாலே உனக்குச் சிரிப்பு வரும். மூட்லி என்றால் முதலியார், கோவெண்டர் என்றால் கவுண்டர். 1860-இலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். பேர் தமிழ், பேச்சு இங்கிலீஷ். ஆன்ட்டிக்கும் சாமி பாட்டு தெரியும், அர்த்தம் தெரியாது.

அவர் சித்தப்பா கடை வைத்திருந்தவர், வீட்டிலேயே படம் பிடிக்கிற சூப்பர் 8 பிலிம் கேமரா வாங்கியிருக்கிறார். ஒரு சுருள் 50 அடி, ஓட விட்டால் மூன்றரை நிமிஷம்கூட வராது. இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976-இல்தான். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை சுவரில் போர்வையைக் கட்டி இதைத்தான் தெருவே பார்க்குமாம். டப்பாவைத் திறந்தேன், குப்பென்று வினிகர் வாடை. பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முதலில் சுவரில் ஓட்டி போனில் பிடித்தேன், ஒரே மினுக்கல். அதில் நொடிக்கு 18 படம், போனில் 30. சரிப்படாமல், கடையில் கொடுத்து ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து வாங்கினோம்.

உம்பிலோ கோயில் காவடி, கேட்டோ மேனரில் இவர்கள் இருந்த தகர வீடு, அதன் வாசலில் ஒரு முருங்கை. அந்த வீடு இப்போது இல்லை. வெள்ளைக்காரருக்கு மட்டும் என்று அந்த இடத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு இவர்களை இங்கே அனுப்பினார்கள். அதனால் ஆன்ட்டி காவடியைவிட முருங்கையைத்தான் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தார்.

நெட்டில் போட்டோம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், "இரண்டாவது காவடி எங்கள் தாத்தா" என்று எழுதினார். ஒரு சித்தி மட்டும் "என் குட்டைப் பாவாடை ஊருக்கே தெரியணுமா" என்று சண்டை. எடுத்துவிட்டோம். கேட்காமல் போட்டது எங்கள் தப்புதான்.

பிறகு இவர்கள் வீட்டு 1988 கல்யாண வீடியோ கேசட்டையும் நெட்டில் போட்டோம். பந்தலில் சினிமாப் பாட்டு ஓடியதால் அந்தத் தளம் உரிமை என்று சொல்லி சத்தத்தையே வெட்டிவிட்டது. அந்த இடத்தில்தான் ஆன்ட்டியின் பாட்டி கேமராவைப் பார்த்து ஏதோ பேசுகிறார். தமிழில். இத்தனை வருஷமாக அது ஆசீர்வாதம் என்று இவர்கள் நம்பியிருக்கிறார்கள். கேசட்டைப் போட்டுக் காதைத் தீட்டிக் கேட்டேன். "என்னத்தடா புடிக்கிற, அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாரு!"

சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன். ஆன்ட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இன்னொரு தடவை போடு" என்றார். ஆறு தடவை போட்டேன். இப்போது பேரன்களுக்கு "பால் பொங்குது" சொல்லித் தருகிறார். "பால் பங்குடி" என்கிறான் சின்னவன்.

ஒரு வேலை செய். நம் வீட்டு பீரோவின் அடித்தட்டில் உன் கல்யாண கேசட் இருக்கும், அப்பா பேசியது அதில் மட்டும்தான் இருக்கிறது. கேசட்டின் மேலே இருக்கிற சின்னச் சன்னல் வழியே சுருளைப் பார், வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் தயவுசெய்து போட்டுப் பார்த்துவிடாதே, பிளேயர் தலையும் போகும், டேப்பும் போகும். துணியில் சுற்றி, அடுத்த மாதம் வருகிற என் நண்பனிடம் கொடுத்து அனுப்பு. இங்கேயும் பால் முறைதான், ஆன்ட்டி பிளேயரில் ஓடும். இந்தப் பால் அடுப்பில் வைப்பதல்ல, டிவி முறைக்குப் பேர்.

அத்தானிடம் கேட்டுவிட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் தம்பி