நீடாமங்கலம் வட்டாரக் காற்றை அளக்கவும் ரயில்வே கேட்டில் வண்டிப் புகையைக் குறைக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
நீடாமங்கலம் வட்டத்தைச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர்கள், விவசாயிகள், பெற்றோர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவாரூர் மாவட்டம்.

பொருள்: காற்றுத்தர அளவீடு, நிற்கும் வண்டிகளின் இன்ஜினை அணைக்க ஏற்பாடு, மின்சாரப் பேருந்து – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என ஆறு மூன்றாகப் பிரியும் எங்கள் மூணாறு தலைப்பில், எந்த ஆற்றில் எத்தனை கனஅடி தண்ணீர் போகிறது என்பது அளந்து எழுதப்படுகிறது. அந்தக் கணக்கு இருப்பதால்தான் கடைமடை விவசாயி தனக்குரிய தண்ணீர் வந்து சேரவில்லை என்று உரிமையோடு கேட்க முடிகிறது. நாங்கள் சுவாசிக்கும் காற்றுக்கு அப்படியொரு கணக்கு எங்கள் வட்டத்தில் இல்லை. அதைக் கேட்கவே இம்மனு.

தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடப்படும்போதெல்லாம் இருபுறமும் பேருந்துகளும் லாரிகளும் வரிசைகட்டி நிற்பது தாங்கள் அறிந்ததே. சம்பா அறுவடைக்குப் பின், தை, மாசி மாதங்களில், கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிய லாரிகள் சரக்கு ரயிலுக்காக வந்து சேர்கையில் அந்த வரிசை இன்னும் நீளும். (மேம்பாலம் குறித்துப் பலரும் மனு கொடுத்திருக்கிறார்கள், இம்மனு அதைப் பற்றியதன்று.) நிற்கும் வண்டிகளில் பல இன்ஜினை அணைப்பதில்லை. அந்தப் புகைக்குள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நாங்கள் ஒரு நாள் முழுக்க நின்று வண்டிகளை எண்ணியும் பார்த்தோம். ஒரே நாள் எண்ணிக்கையை அளவீடு என்று சொல்வது முறையாகாது என்பதால் அதை இங்கே தரவில்லை.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. அப்புகையிலுள்ள, 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான நுண்துகள்கள் மூக்கிலோ தொண்டையிலோ தங்கிவிடாமல் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று, மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலப்பதால், இளைப்பு மட்டுமன்றி இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் காரணமாகின்றன. இவற்றின் 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009 முதல் நம் நாட்டின் வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்ததோ 15 மட்டுமே. எங்கள் காற்று இந்த இரண்டு எண்களில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதை அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

பருவம் தவறிய மழை டெல்டாவுக்கு என்ன செய்யும் என்பதை 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் கதிரோடு சாய்ந்த சம்பாப் பயிரில் பார்த்துவிட்டோம். பூமி சூடாகச் சூடாக இத்தகைய கனமழைக்கான வாய்ப்பும் கூடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு சுமார் 2.7 கிலோ வெளியாகிறது. அது நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். கூடவே வரும் கரித்துகளும் பூமியைச் சூடாக்குவதுதான் என்றாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ படிந்துவிடும். ஆகவே புகையைக் குறைத்தால் அதன் பலன் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டே கிடைக்கும்.

எனவே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வாயிலாக, கேட் அருகிலும் ஒரு பள்ளி வளாகத்திலும், குறைந்தது ஓர் அறுவடைக் காலம் முழுவதும் நுண்துகள் அளவைப் பதிவுசெய்து, அந்த எண்களை வட்டாட்சியர் அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி வைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். கேட் மூடியதும் இன்ஜினை அணைக்கச் சொல்லும் பலகையும், அறுவடை மாதங்களில் அதை நினைவூட்ட ஓர் ஆளும் போதும். செலவு மிகக் குறைவு. டெல்லியில் 2020-இல் சிவப்பு விளக்கில் வண்டியை அணைக்கச் சொல்லி இப்படியோர் இயக்கம் நடந்தது.

சென்னையில் 2025 ஜூன் இறுதியில் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியுள்ளன. மேடேறும் வேலையில்லாத எங்கள் சமதளச் சாலைகளில், நீடாமங்கலம்–மன்னார்குடி போன்ற குறுந்தடம் அவற்றுக்கு மிகவும் ஏற்றது. அனல்மின்சாரத்தில் ஓடினால் புகை இடம் மாறுவதுதானே என்ற கேள்வி நியாயமானதே. பணிமனைக் கூரையில் சூரியத் தகடுகளை அமைத்துப் பகலில் மின்னேற்றம் செய்தால் அதையும் பெருமளவு குறைக்கலாம். டெல்டாவுக்குப் பேருந்துகள் ஒதுக்கப்படும்போது இத்தடத்தையும் சேர்க்கப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அளவுக் கருவிகளை அன்றாடம் கவனித்துக் குறிப்பெடுக்க எங்கள் ஆசிரியர்களும் மேல்நிலை மாணவர்களும் ஊதியமின்றி முன்வருகிறார்கள். அடுத்த சம்பா அறுவடை தொடங்கும் முன் கருவிகளை வைத்தால் அந்தப் பருவத்தின் கணக்கு முழுமையாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நீடாமங்கலம் வட்டாரப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: நீடாமங்கலம்