அப்பா கரையில் இருக்கட்டும்

குழித்துறை
ஞாயிறு காலை

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பின செய்தியைப் பார்த்தேன். பூஜை லீவுக்கு வருகிறீர்கள், நம் குழித்துறை ஆற்றில் கயாக் படகு ஓட்டிப் பார்க்க உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசை, அந்த நேரத்துக்குச் சின்னவனை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியாது. சின்னவனை உங்கப்பா பார்த்துக்கொள்வார். நானும் உங்களோடு வருகிறேன். இதைப் போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய், நடுவில் குக்கர் விசிலடிக்கும், சின்னவன் போனைப் பிடுங்குவான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஏற்கெனவே போய் வந்துவிட்டேன். போன மாசியில், என்னோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆன டீச்சர்கள் சிலர் சேர்ந்து போனோம். வீட்டில் தேங்காய்ப்பட்டணம் வரை போகிறோம் என்று மட்டும் சொன்னேன், அது பொய்யில்லையே. உன்னிடம் சொல்லியிருந்தால் ‘இந்த முட்டுவலியோடவா அம்மா?’ என்று ஆரம்பித்திருப்பாய். முட்டு நன்றாகவே இருக்கிறது. கயாக்கில் முட்டுக்கு ஒரு வேலையும் இல்லை, ஏறி இறங்கும்போது மட்டும்தான் பாடு. அதற்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பூஜை லீவு வேண்டாம். இது என் முதல் நிபந்தனை என்றே வைத்துக்கொள்.

நீ பார்த்து ஆசைப்பட்ட படங்களில் ஆறு அசையாமல் கிடக்கிறது. அது தை, மாசியில் எடுத்த படமாக இருக்கும். நமக்கு ரெண்டு மழையும் உண்டு என்பதை நீ பெங்களூருக்குப் போய் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. இடவப்பாதியில், அதாவது ஜூன் வாக்கில் தொடங்கினால் ஐப்பசியின் துலாம் மழை ஓயும்வரை நம் ஆற்றை நம்ப முடியாது. மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பறளியாறும் சேர்ந்துதான் இங்கே வருகின்றன. மேலே மலையில் பெய்து, பேச்சிப்பாறை அணை தன் 48 அடியை நெருங்கினால் உபரித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும், ஆனால் சப்பாத்துத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும். பள்ளிக்கூடம் லீவு விடுவார்களா என்று நீயே காலையில் ஓடிப்போய் சப்பாத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவாய். அந்தத் தண்ணீரில் தென்னை மட்டையும் மரக்கிளையும் அடித்துக்கொண்டு வரும். கரையில் சாய்ந்து கிடக்கிற மரத்தில் கயாக் போய்ச் செருகினால் தண்ணீர் கிளைக்குள் புகுந்து ஓடிவிடும், ஆள் மாட்டிக்கொள்வார். நீச்சல் தெரிந்தவருக்கும் அதுதான் கதி. தடுப்பணை, சப்பாத்து பக்கமும் அப்படித்தான். மேலேயிருந்து பார்த்தால் ரெண்டடி உயரம்தானே என்று தோன்றும். விழுகிற தண்ணீர் அடியில் சுழன்று விழுந்த பொருளை வெளியே விடாமல் திருப்பித் திருப்பி இழுக்கும்.

அதனால் தை பாதி வாக்கில் வாருங்கள். குடியரசு தின லீவோடு ரெண்டு நாள் சேர்த்துக்கொண்டால் போதும். பங்குனி வரைக்கும் பரவாயில்லை, அப்புறம் வெயில் தாங்காது.

மாதம் சரியாக அமைந்தாலும் நாளையும் பார்க்க வேண்டும். ஆறு கடலில் சேருகிற தேங்காய்ப்பட்டணத்துக்கு மேலே உள்ள படகுக் கடவில்தான் இறங்கப் போகிறோம். அங்கே கடல் ஏறினால் ஆறும் ஏறும், கிட்டத்தட்ட ஆறு மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். வாவை ஒட்டின நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் கூடுதல், ஆகவே அமாவாசை, பௌர்ணமி இல்லாத நாளாகப் பார். எங்களைக் கூட்டிக்கொண்டு போன பையன் ஏற்றத்தோடு ஆற்றின் மேல்பக்கமாகக் கூட்டிப்போய், இறங்கத் தொடங்கியதும் திருப்பிக் கூட்டிவந்தான். ரெண்டு பக்கமும் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிட்டது. பொழிமுகம் பக்கம் எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட விடவில்லை. அவன் செய்தது சரி. கடலிலேயே வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர் அந்த முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து போயிருக்கிறார்கள். நமக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நேரமும் முக்கியம். ஆறரைக்கு இறங்கி ஒன்பதுக்குள் கரையேறிவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பும், கயாக்கை அது பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும். புதிதாகத் துடுப்பு பிடிப்பவர்களுக்கு அதை எதிர்த்துத் துடுப்பு வலித்துத் தோள் விட்டுப்போகும்.

யாரோடு போவது என்று நீ கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம். நான் ரெண்டு இடத்தில் போன் பண்ணிக் கேட்டேன். முதல் ஆள் ‘எத்தனை பேர், அட்வான்ஸ் ஜிபே பண்ணிடுங்க’ என்றார், அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஆள் கேள்வி மேல் கேள்வி கேட்டான். ஒவ்வொருவருக்கும் எடை என்ன, நீச்சல் தெரியுமா, பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா, தோளிலோ இடுப்பிலோ ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, கண்ணாடி போடுகிறீர்களா. கூட வந்த டீச்சர் ஒருத்திக்குக் கோபம், ‘இவன் என்ன பொண்ணு பார்க்கவா வாறான்?’ என்றாள். எனக்கு அவனைத்தான் பிடித்தது. மழை தெரிந்தால் அணை நிலவரம் கேட்டுவிட்டுத்தான் இறக்குவேன், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று முதலிலேயே சொன்னான். போய்ப் பார்த்தபோது அவனும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். கடல்புறத்துப் பிள்ளை, மீன் மாதிரி நீந்துவான், ஆனாலும் போட்டிருந்தான். இடுப்பில் இழுவைக் கயிறு, கழுத்தில் விசில். ஐந்து கயாக்குக்கு முன்னால் அவனும் கடைசியில் அவன் தம்பியும். உனக்கும் அவனையே பேசி வைக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது, பயப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். இதை அவருக்கும் படித்துக் காட்டு. அந்தப் பையன் எங்களை நேராக ஆற்றுக்குள் விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, லைஃப் ஜாக்கெட்டின் வாரையெல்லாம் இழுத்து இறுக்கி, ரெண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தான். மோவாய்க்கு மேலே ஏறினால் லூஸ், திரும்பக் கட்டு. அப்புறம் ஒவ்வொருவரையும் கயாக்கில் உட்காரவைத்து, ‘இப்ப கவிழுங்க டீச்சர்’ என்றான். வேண்டுமென்றேதான். எல்லாரும் கூச்சல் போட்டோம். நான்தான் முதலில் சாய்ந்தேன். மூக்கில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் ஏறியது, மறுபடி கண்ணைத் திறந்தபோது மல்லாக்க மிதந்துகொண்டிருந்தேன். நாங்கள் ஏறினது மேலே உட்காருகிற வகை, காலை உள்ளே நுழைத்துக்கொள்கிற வகை இல்லை. அதனால் கவிழ்ந்தால் ஆள் தனியாக வெளியே வந்து விழுவார், மாட்டிக்கொள்ள இடமே கிடையாது. விழுந்தவர் செய்ய வேண்டியதெல்லாம் கயாக்கின் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு மல்லாக்க மிதப்பது, முடிந்தால் துடுப்பையும் விடாமல் இருப்பது. ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது, கால் கல்லிடுக்கில் சிக்கிக்கொள்ளும். நம் ஆற்றில் மணல் அள்ளின குழிகளும் உண்டு. ஒரு எட்டில் முட்டளவு, அடுத்த எட்டில் ஆளுயரம். கவிழ்ந்து எழுந்த பிறகு எங்களில் ஒருத்திக்கும் பயம் இல்லை. இந்தப் பாடத்தை நடத்தாத ஆளோடு, மாப்பிள்ளை மாதிரி நீச்சல் தெரியாதவர்கள் போக வேண்டாம் என்பது என் கட்சி.

கயாக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆர்க்டிக் பக்கத்து இனுயிட் மக்கள் சீல் தோலைச் சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்து வேட்டைக்குப் போன படகு அது. இப்போது வருவது பிளாஸ்டிக். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எப்படிச் செய்கிறார்களோ அதே முறை: அச்சுக்குள் பிளாஸ்டிக் பொடியைப் போட்டு, சூடாக்கிச் சுழற்றிச் சுழற்றி, ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக எடுப்பது. உள்ளே வெறும் காற்று, அதனால் கவிழ்ந்தாலும் முங்காது. உட்காரும் இடத்தில் ஓட்டைகள் இருக்கும். ‘இது ஓட்டைப் படகு, நான் ஏறமாட்டேன்’ என்று ஒரு டீச்சர் அடம்பிடித்தாள். மேலிருந்து கீழ்வரை குழாய் மாதிரி போகிற துவாரம் அது, உள்ளே தெறிக்கிற தண்ணீர் அது வழியாக வெளியேறும். ஆனால் அதே வழியாகக் கொஞ்சம் மேலேயும் வரும், பின்பக்கம் நனையாமல் வர முடியாது. மாற்றுத்துணி கட்டாயம்.

ஏறுவதற்கு வழி இதுதான். முட்டளவு தண்ணீரில் கயாக்குக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார வேண்டும், அப்புறம்தான் காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்க வேண்டும். இறங்கும்போது காலை ரெண்டையும் முதலில் வெளியே தொங்கவிட வேண்டும். எழுந்து நின்று இறங்கப் பார்த்தால் விழுவது நிச்சயம்.

துடுப்பு ரெண்டு பக்கமும் இலை உள்ளது. கம்பில் ரெண்டு ரப்பர் வளையம் போட்டிருக்கும். தூக்கும்போது தண்ணீர் வழிந்து முழங்கைக்கு வராமல் அந்த வளையத்தோடு சொட்டிவிடும். கையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் ஓய்ந்துபோவாய். கால் விரல் பக்கத்தில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, இடுப்பைத் திருப்பி, இடுப்புவரைக்கும் கொண்டுவந்து எடுத்துவிட வேண்டும். திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கம் அகலமாக வளைத்து வலிக்க வேண்டும். இதெல்லாம் படித்து வராது, கை தானாகப் பழகிக்கொள்ளும்.

நான் இதையெல்லாம் எழுதுவதே ஒரு இடத்தைச் சொல்லத்தான். கடவிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் கரையெல்லாம் கைதை, அதாவது தாழம்புதர், அதற்குப் பின்னால் தென்னை. தேங்காய்க் கதம்பை மட்டை அழுகுகிற வாடை வந்தது. டீச்சர்கள் மூக்கைப் பொத்தினார்கள், எனக்கு அது ஒன்றும் கெட்ட வாடையாகத் தெரியவில்லை. கயாக்கில் நாம் இருக்கிற உயரம் இருக்கிறதே, தண்ணீரிலிருந்து கண்ணுக்கு மூன்றடிகூட இருக்காது. பாலத்தின் மேலே பஸ்ஸில் போகும்போது இத்தனை வருஷமும் பார்த்த ஆறு இது இல்லை. நீர்க்காகம் ஒன்று எங்களுக்கு முன்னால் முங்கி, எங்கே எழும்பும் என்று தேடிக்கொண்டிருந்தபோது என் துடுப்புக்குப் பக்கத்திலேயே வாயில் மீனோடு எழும்பியது. என்னைப் பார்த்துவிட்டு மீனை அவசரமாக விழுங்கியது. பிடுங்கிக்கொள்வேன் என்று நினைத்ததோ என்னவோ.

அந்தப் பையன் துடுப்பை நீட்டி ஏவிஎம் கால்வாய் இருக்கிற திசையைக் காட்டினான். 1860-ல் திருவிதாங்கூர் ராஜா உத்திராடம் திருநாள் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய். சாமி பெயர், மகாராணி பெயர், ராஜா பெயர் மூன்றையும் வைத்துவிட்டார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் வள்ளத்திலேயே சரக்கு போக வேண்டும் என்பது திட்டம். கேரளப் பக்கத்துப் பூவாறிலிருந்து இந்தப் பக்கமாக ஒரு பகுதிதான் வெட்டி முடிந்தது. கடலில் இறங்காமல், கரையோரமாகவே போகிற தண்ணீர்ப் பாதை. இன்றைக்கு அதில் பல இடம் ஆகாயத்தாமரை, குப்பை, சில இடம் தூர்ந்து மண்ணோடு மண். வகுப்பில் இந்தக் கால்வாயைப் பற்றி எத்தனை தடவை பேசியிருப்பேன், தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து பார்த்த அன்றைக்குத்தான் வயிற்றெரிச்சலாக இருந்தது. அதைத் தூர்வாரி இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் கயாக் ஓட்டக் கொடுத்தால், படகு சவாரிக்குப் பூவாறு வரைக்கும் போகிற கூட்டம் இங்கேயே வராதா? சரி, அது நம் கையில் இல்லை.

இனி யார் யாரோடு ஏறுவது என்பது. ரெண்டு பேர் ஏறுகிற கயாக்கில் முன்னால் இருப்பவர் வலிக்கிற வேகத்துக்குப் பின்னால் இருப்பவர் வலிக்க வேண்டும், திசை திருப்புகிற பொறுப்பு பின்னால் இருப்பவருக்கு. தாளம் தப்பினால் துடுப்பும் துடுப்பும் முட்டிக்கொள்ளும், உடனே ‘நீதான்’, ‘நீதான்’ என்று தொடங்கிவிடும். எங்களோடு அன்றைக்கு வந்த ஒரு இளம் ஜோடி கரை சேருகிறவரை பேசிக்கொள்ளவில்லை. ஆகவே நீயும் மாப்பிள்ளையும் ஒன்றாக ஏற வேண்டாம். அவர் அந்தப் பையனோடு ஏறட்டும், அவருக்கும் தைரியம். நீ என்னோடு வா. நீ முன்னால், நான் பின்னால்.

சேலை, ஜீன்ஸ் எதுவும் ஆகாது, சீக்கிரம் காய்கிற சுடிதார் எடுத்து வா, துப்பட்டா வேண்டாம். வார் வைத்த செருப்பு, தொப்பி, கண்ணாடிக்குக் கயிறு. தாலிச் சங்கிலியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வா. போனுக்குத் தண்ணீர் புகாத பை அவனே தருவான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக்கூடாது, வந்ததும் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் இருக்கும்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் தேதியை எனக்குச் சொல், காலண்டரில் வாவு பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வேன். உன் எடை, மாப்பிள்ளை எடை ரெண்டையும் எழுதி அனுப்பு, பையன் கேட்பான். மாப்பிள்ளையிடம் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா